மூலைப் பெட்டி பொய் சொல்லக் கூடாது

மின் வரைபடத்தைக் கையில் எடுத்தால் கண் நேராகக் கோடுகளுக்குத்தான் போகும். பிரேக்கர் எங்கே, ரிலே எங்கே, எந்த வயர் எந்த டெர்மினலுக்கு? கீழே வலது மூலையில் இருக்கிற பெட்டியை அனேகமாக ஒருவரும் வாசிப்பதில்லை. டைட்டில் புளொக் என்று நாங்கள் எல்லாரும் சொல்கிற அந்தப் பெட்டியில்தான் வேலையின் பெயர், வாடிக்கையாளர் பெயர், தாள் எண், திருத்த எண், திகதி, வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் எல்லாம் இருக்கு. இந்தத் தாள் எந்த வேலைக்குரியது, இப்பவும் செல்லுமா, ஆர் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் பதில் அங்கேதான்.

எங்கட கூட்டில் பனல் போர்ட் பட்டறைகளில் வரைபவர்கள் இருக்கிறார்கள். சைட்டில் வயர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் இன்னும் படிப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று பக்கத்தாரும் சேர்ந்து கதைத்தபோது வந்த முறைப்பாடு ஒன்றுதான்: பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியவில்லை. இதற்கு மருந்து மென்பொருளுக்குள்ளேயே கனகாலமாகக் கிடக்கு. ஆனால் மருந்தையும் அளவோடுதான் எடுக்க வேணும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். மென்பொருளுக்குத் தெரிந்த விஷயங்களை மென்பொருளே நிரப்பட்டும். அதை மனிதர் கையால் தட்டக் கூடாது. மனிதர் வாக்குக் கொடுக்கிற விஷயங்களை மனிதரே நிரப்பட்டும். அதை மென்பொருள் தொடக் கூடாது.

பெட்டி எப்படிப் பொய் சொல்லத் தொடங்குகிறது

சின்னப் பட்டறைகளில் புது வேலை எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கும் தெரியும். போன வேலையின் ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணுவார்கள். பெயரை மாற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு தாளாகத் திறந்து, பெட்டிக்குள் டபுள் கிளிக் செய்து, பழைய வாடிக்கையாளரின் பெயரை அழித்துப் புதியதைத் தட்டுவார்கள். நான்கு தாள் என்றால் சரி. முப்பது தாள் என்றால்? பதினேழாவது தாளில் தொலைபேசி அடிக்கும், இருபத்திரண்டாவதில் தேத்தண்ணி வரும். கடைசியில் ஹோட்டலுக்குப் போகிற வரைபடக் கட்டில் ஒரு தாளில் மட்டும் தையல் தொழிற்சாலையின் பெயர் குந்திக்கொண்டிருக்கும்.

வாடிக்கையாளர் பெயர் பிழைத்தால் வெட்கம்தான், பெரிய ஆபத்தில்லை. திருத்த எண் பிழைத்தால் கதை வேறு. ஒரு மோட்டார் கொன்ட்ரோல் பனலை எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் உட்பக்கப் பையில் ஒரு பழைய பிரிண்ட் கிடக்கு. போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்திருக்கு. பழைய தாளில் ஐந்தாம் பிரேக்கர் பம்புக்குப் போகுது. புதியதில் அதே ஐந்தாம் பிரேக்கர் விசிறிக்குப் போகுது. இரண்டு தாளின் மூலையிலும் ஒரே திருத்த எண், ஒரே திகதி. வரைந்தவர் கோட்டை மாற்றினார், பெட்டியை மாற்ற மறந்தார். பம்பைக் கழற்றப் போகிற பொடியன் எந்தத் தாளை நம்புவான்? எங்கட நாட்டில் மூன்று பேஸ் என்றால் 400 வோல்ட். சோதித்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பது முதல் பாடம், அது உண்மைதான். அதற்காகப் பிழையான தாளை அவன் கையில் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது.

வயரிங் வேலைக்கு இங்கே கையில் எடுக்கிற பிரித்தானிய விதிநூலான பிஎஸ் 7671, நிறுவலுக்கு வாசிக்கக்கூடிய வரைபடமோ அட்டவணையோ இருக்க வேணும் என்று கேட்கிறது. பனல் கதவுக்குள் தாள் இருந்தால் மட்டும் அந்தக் கடமை முடிந்துவிடாது. அது இந்தப் பனலின் இன்றைய நிலையைச் சொல்லுற தாளா என்பதுதான் கேள்வி.

பெட்டிக்குள் என்ன இருக்க வேணும் என்பதற்கும் உலகப் பொது நியமம் உண்டு. ஐஎஸ்ஓ 7200 என்று பெயர், இப்போதைய பதிப்பு 2004ஆம் ஆண்டினது. அது எட்டு விஷயங்களைக் கட்டாயம் என்கிறது: சட்டப்படி உரிமையாளர், அடையாள எண், வெளியிட்ட திகதி, தாள் எண், தலைப்பு, அங்கீகரித்தவர், வரைந்தவர், ஆவண வகை. திருத்த எண்ணை அது விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. மின் வேலையில் அதையும் கட்டாயமாக எடுக்க வேணும் என்பது எங்கட கருத்து. காரணம் மேலே சொன்ன பம்புக் கதைதான்.

மென்பொருள் செய்யக்கூடியது

ஓட்டோகேட் பாவிப்பவர்களுக்கு முதலில் அட்ரிபியூட் என்ற சொல் விளங்க வேணும். பெட்டிக்குள் சும்மா எழுதின எழுத்து வேறு, அட்ரிபியூட் வேறு. அட்ரிபியூட் என்பது புளொக்குக்குள் இருக்கிற பெயரிட்ட வெற்றிடம். "வாடிக்கையாளர்" என்று ஒரு இடம், "தாள் எண்" என்று ஒரு இடம். பெயர் இருப்பதால்தான் மென்பொருள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து நிரப்பும். சும்மா எழுத்தாக இருந்தால் அதற்குக் கண் தெரியாது. உங்கட பட்டறையின் பெட்டி வெறும் எழுத்தாலும் கோட்டாலும் கீறப்பட்டிருந்தால், முதல் வேலை அதை அட்ரிபியூட் உள்ள புளொக்காக ஒருமுறை மாற்றி எடுப்பது.

ஓட்டோகேட் எலெக்ட்ரிகலில் அடுத்த படி புரொஜெக்ட். தாள்கள் எல்லாம் ஒரு புரொஜெக்ட் பட்டியலுக்குள் வரும். அந்தப் புரொஜெக்டுக்கு விவரணை வரிகள் உண்டு: லைன் 1, லைன் 2 என்று போகும். லைன் 1 என்றால் வாடிக்கையாளர், லைன் 2 என்றால் வேலையின் பெயர் என்று நீங்களே தீர்மானிக்கலாம். வெறும் "லைன் 1" என்று பார்த்து ஆளாளுக்குக் குழம்பாமல் இருக்க, அந்த வரிகளுக்கு உங்கட பெயர்களை வைக்க ஒரு சின்ன எழுத்துக் கோப்பும் இருக்கு. டபிள்யூடிஎல் என்று முடிகிற கோப்பு அது.

பிறகு டைட்டில் புளொக் செட்டப். புரொஜெக்டின் எந்த வரி பெட்டியின் எந்த அட்ரிபியூட்டுக்குப் போக வேணும் என்று இங்கே கோர்த்துவிட வேணும். இந்தக் கோர்வையை இரண்டு விதமாக வைத்திருக்கலாம். ஒன்று, டபிள்யூடிடி என்று முடிகிற தனிக் கோப்பில். மற்றது, புளொக்குக்குள்ளேயே மறைந்திருக்கிற ஒரு அட்ரிபியூட்டில். வெளியாட்களுக்கு வரைபடக் கோப்பை அனுப்புகிற பட்டறைக்கு இரண்டாவது வசதி. கோர்வை கோப்போடு சேர்ந்தே போகும். தனிக் கோப்பு என்றால் அனுப்ப மறந்து பின்னால் நின்றுவிடும்.

கடைசிப் படி டைட்டில் புளொக் அப்டேட். எந்தெந்த வரி மாற வேணும் என்று டிக் பண்ணி, இந்தத் தாளுக்கு மட்டுமா முழு புரொஜெக்டுக்குமா என்று சொன்னால், முப்பது தாளும் ஒரே ஓட்டத்தில் மாறும். தாள் எண்ணையும் மொத்தத் தாள் எண்ணிக்கையையும் அதுவே திரும்ப ஒழுங்குபடுத்தித் தரும். நடுவில் ஒரு தாளைச் செருகினால் பின்னால் வருகிற அத்தனை எண்களையும் கையால் திருத்துகிற தொல்லை போயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். "தானாக" என்று சொன்னாலும், அப்டேட்டை ஒருவர் அழுத்தினால்தான் அது ஓடும். புரொஜெக்டில் பெயரை மாற்றிவிட்டு அழுத்தாமல் பிரிண்ட் எடுத்தால் பழைய பெயரோடுதான் வரும்.

சாதாரண ஓட்டோகேட் மட்டும் இருக்கிறவர்களுக்கும் வழி இருக்கு. 2005 பதிப்போடு ஃபீல்ட் என்ற வசதியும் ஷீட் செட் மனேஜரும் வந்தன. அட்ரிபியூட்டுக்குள் ஒரு ஃபீல்டை வைத்தால், கோப்பின் பெயர், தாள் எண், தாளின் தலைப்பு என்பன இருக்கிற இடத்திலிருந்து தாமாக வந்து உட்காரும்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்குக் கியூஎலெக்ட்ரோடெக் இருக்கு. மின் வரைபடத்துக்கென்றே செய்த கட்டற்ற மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் மக்கிலும் ஓடும். பெட்டியை நாங்களே வடிவமைக்க அதற்குள் ஒரு எடிட்டர் உண்டு. தலைப்பு, வரைந்தவர், கோப்புப் பெயர், தாள் எண் என்று மாறிகளை அதில் வைத்தால் ஒவ்வொரு தாளிலும் அவை நிரம்பும். எங்களுக்கு வேண்டிய புது மாறிகளையும் சேர்க்கலாம். களவுக் கொப்பியில் காலத்தை ஓட்டிக்கொண்டு "எங்களிட்ட வசதி இல்லை" என்று சொல்லத் தேவையில்லை.

சத்தமில்லாமல் உடைகிற இடங்கள்

இதையெல்லாம் ஒருமுறை அமைத்த பிறகு ஆட்கள் அதைக் கண்மூடி நம்பத் தொடங்குவார்கள். அங்கேதான் அடுத்த சிக்கல். இந்த அமைப்பு உடைந்தால் பெரும்பாலும் சத்தம் போடாது.

முதல் எதிரி எக்ஸ்ப்ளோட். பெட்டியில் ஒரு சொல்லைத் திருத்த வேணும், எப்படி என்று தெரியவில்லை, அவசரம். உடனே புளொக்கை எக்ஸ்ப்ளோட் பண்ணி எழுத்தைத் தட்டிவிடுகிறோம் என்று பலர் இறங்குவார்கள். அந்தக் கணத்தோடு அட்ரிபியூட் செத்துவிடும். எழுத்தைத் திரும்பத் தட்டிவிட்டால் பார்வைக்குப் பெட்டி அதே பெட்டிதான். அடுத்த அப்டேட்டில் இருபத்தொன்பது தாள் மாறும், அந்த ஒரு தாள் மட்டும் பழைய திருத்த எண்ணோடு அப்படியே நிற்கும்.

இரண்டாவது, புரொஜெக்ட் பட்டியலில் சேராத தாள். ஃபோல்டருக்குள் கோப்பு இருந்தால் போதாது. பட்டியலில் இல்லாவிட்டால் அப்டேட் அதை எட்டிப் பார்க்காது. மூன்றாவது, புளொக்கின் பெயர். தனிக் கோப்பில் வைத்த கோர்வை புளொக்கின் பெயரைப் பார்த்துத்தான் வேலை செய்யும். ஏ3 தாளுக்கு ஒரு புளொக், ஏ1 தாளுக்கு வேறு புளொக் என்றால் இரண்டு பெயரும் கோர்வையில் இருக்க வேணும். நான்காவது, பெட்டியின் வடிவத்தைத் திருத்திப் புது அட்ரிபியூட் சேர்த்தால், ஏற்கெனவே தாளில் செருகிய புளொக்குகளுக்கு அது தானாகப் போகாது. அட்சிங்க் என்ற கட்டளையைக் கொடுக்க வேணும். ஃபீல்ட் அறுந்துபோனால் மட்டும் நாலு ஹாஷ் குறிகள் வரிசையாக வந்து நின்று காட்டிக்கொடுக்கும். அதுவாவது நேர்மை. மற்றவை வாயே திறக்காது.

ஆகவே அப்டேட் அழுத்தின பிறகு எல்லாத் தாளையும் ஒரே பிடிஎஃப்பாக எடுத்து, மூலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை உருட்டிப் பாருங்கள். முப்பது தாளுக்கு இரண்டு நிமிஷம் போதும். ஒரு தாள் பின்தங்கி நின்றால் அப்போது கண்ணில் படும்.

மென்பொருள் தொடக் கூடாதது

இனித்தான் எங்கட முக்கியமான சண்டை. தானாக நிரப்ப முடியும் என்று கண்டவுடன் எல்லாவற்றையும் தானாக நிரப்ப ஆசை வரும். திகதி, சரிபார்த்தவர், அங்கீகரித்தவர், திருத்த எண் என்று கை நீளும்.

திகதியை எடுப்போம். ஓட்டோகேட்டில் கடைசியாகச் சேமித்த திகதிக்கு ஒரு ஃபீல்ட் இருக்கு, பிரிண்ட் எடுத்த திகதிக்கு ஒரு ஃபீல்ட் இருக்கு. இதில் ஒன்றை "வெளியிட்ட திகதி" என்ற கட்டத்துக்குள் வைத்தால் என்ன நடக்கும்? மார்ச் மாதம் அங்கீகரித்த வரைபடத்தை ஓகஸ்டில் ஒருவர் சும்மா பிரிண்ட் எடுத்தால் அது ஓகஸ்ட் வரைபடமாகிவிடும். கோடு ஒன்றும் மாறவில்லை, ஆனால் தாள் புதுசு என்று சொல்லுது. மறுபக்கம், சைட்டில் இருக்கிறவர் இரண்டு பிரிண்டை ஒப்பிட்டு "திகதி வேறு, எனவே ஏதோ மாறியிருக்கு" என்று அரை நாள் தேடுவார். பிரிண்ட் எடுத்த திகதி வேணும் என்றால் தாராளமாகப் போடுங்கள். பெட்டிக்கு வெளியே, தாளின் ஓரத்தில், சின்ன எழுத்தில், "பிரிண்ட் எடுத்தது" என்று தெளிவாகப் பெயரிட்டு. வெளியிட்ட திகதி என்பது ஒருவர் "இதை வெளியே விடலாம்" என்று முடிவெடுத்த நாள். அந்த முடிவு மென்பொருளுக்குத் தெரியாது.

சரிபார்த்தவர் கட்டம் இதைவிட மோசம். புரொஜெக்ட் வரியில் ஒரு பொறியியலாளரின் எழுத்துகளை ஒருமுறை போட்டுவிட்டால், அவர் பார்த்த தாளிலும் பார்க்காத தாளிலும் அவர் பெயர் விழும். ஆள் வேலையை விட்டு வெளிநாடு போன பிறகும் அவர் பெயரில் வரைபடங்கள் "சரிபார்க்கப்பட்டு" வெளியே போய்க்கொண்டிருக்கிறதை எங்கட நண்பர்கள் கண்டிருக்கிறார்கள். அது கையெழுத்தில்லை, ரப்பர் முத்திரை. நாளைக்கு ஒரு விபத்து நடந்து விசாரணை வந்தால், பார்க்காத தாளுக்கு அந்த மனிதர் பதில் சொல்ல வேணும். இல்லாவிட்டால் ஒருவருமே பதில் சொல்லாமல் தப்பிவிடலாம். இரண்டும் அநியாயம்.

வரைந்தவர் கட்டத்திலும் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கு. கொப்பி பண்ணின ஃபோல்டரோடு பழைய ஆளின் பெயரும் வரும். இரவிரவாக இருந்து வரைந்த பிள்ளையின் பெயர் எங்கேயும் இருக்காது. அடுத்த வேலைக்குப் போகும்போது "இது நான் வரைந்தது" என்று காட்ட ஒரு தாள்கூட மிஞ்சாது. வரைகிற இளைஞருக்கு, குறிப்பாகப் பட்டறைகளில் புதிதாகச் சேருகிற பெண் பிள்ளைகளுக்கு, அந்தச் சின்னக் கட்டம் ஒரு வேலைச் சான்றிதழ். அதை நிரப்பச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திருத்த எண்ணைப் பொறுத்தவரை நடுவழி ஒன்று சரி. எண்ணைக் கூட்டுகிறதும், என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதுகிறதும் மனிதர் வேலை. கூட்டின எண்ணை அது உரிய தாளிலும், முகப்புத் தாளின் பட்டியலிலும், கோப்புப் பெயரிலும் ஒன்றாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது மென்பொருளின் வேலை. சேமிக்கிற ஒவ்வொரு முறையும் எண் தானாக ஏறுகிற மாதிரிச் செய்யாதீர்கள். ஒரு கிழமையில் நாற்பதாவது திருத்தம் வந்துவிடும். பிறகு அந்த எண்ணுக்கு ஒருவரும் மரியாதை தர மாட்டார்கள்.

"உதெல்லாம் பெரிய கொம்பனிக்குத்தான்"

இதைச் சொன்னால் பட்டறைக்காரர் சொல்லுற பதில் எங்களுக்குப் பாடம். "தம்பி, நாங்கள் நாலு தாள் கீறுகிற ஆட்கள். உதுக்கெல்லாம் நேரம் எங்க?" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை தலைக்கு மேல் நிற்கும்போது ஒரு நாளை ஒதுக்கிப் பெட்டியை ஒழுங்குபடுத்துவது வீண் போலத்தான் தெரியும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அமைப்பு ஒருமுறை வேலை. தட்டுகிறது ஒவ்வொரு முறையும் வேலை. அதோடு நான்கு தாள் கீறுகிற பட்டறையில்தான் சரிபார்க்க இன்னொரு ஆள் இல்லை. பெரிய கொம்பனியில் பிழையைப் பிடிக்க நாலு மேசை இருக்கு. சின்ன இடத்தில் வரைந்தவர் கையிலிருந்து நேராகச் சைட்டுக்குத்தான் தாள் போகுது. பெட்டி சரியாக இருக்க வேண்டிய தேவை அங்கேதான் கூட.

கற்பிக்கிற இடங்களிடமும் ஒரு கேள்வி கேட்கிறோம். ஓட்டோகேட் பாடத்தில் கோடு, வட்டம், ட்ரிம், ஒப்செட் எல்லாம் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். டைட்டில் புளொக் என்று வரும்போது ஒரு ஆயத்தக் கோப்பைத் தந்து "பெயரை மாற்றிப் போடுங்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். அட்ரிபியூட் என்றால் என்ன, ஃபீல்ட் என்றால் என்ன, சரிபார்த்தவர் என்ற கட்டத்தின் அர்த்தம் என்ன என்று ஒரு மத்தியானம் செலவழித்தால் போதும். வேலைக்குப் போன முதல் நாளே அது கைகொடுக்கும்.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். பெட்டி முழுக்க ஆங்கிலத்தில் இருக்கட்டும், சண்டை இல்லை. ஆனால் தமிழ் வாசிக்கிற ஆள் பராமரிக்கப் போகிற பனலுக்கு, தாளின் தலைப்பையாவது தமிழிலும் போடலாமே. அப்படிப் போடுகிறவர்கள் பாமினியில் தட்டாமல் யுனிகோடில் தட்டுங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அது விளங்காத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். உங்கட பட்டறையின் வெற்றுத் தாள் கோப்பைத் திறவுங்கள். பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது கணினிக்குத் தெரிந்த விஷயமா, ஒரு ஆளின் வாக்கா? முதல் வகையை எல்லாம் கோர்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு கையால் தொடாதீர்கள். இரண்டாம் வகையை எல்லாம் வெறுமையாக விடுங்கள். சரிபார்க்காத தாளில் சரிபார்த்தவர் கட்டம் வெறுமையாக இருந்தால், சைட்டில் நிற்கிறவர் ஒரு போன் எடுத்துக் கேட்பார். அதில் ஒரு பெயர் இருந்தால் கேட்க மாட்டார்.